படகின் வேகம் குறைந்த கோடை

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில் என் மாமா ஒரு கள்ளன் என்று கண்டுபிடித்தேன். சும்மா சந்தேகப்படவில்லை. அளந்து, கொப்பியில் எழுதி, மேல்மாடிக் குளியலறை யன்னலில் இருந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்து வேலை எதையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ரெக்ஸ்டேலில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் தனியாக இருந்தார். பண்டகசாலைகளில் சாமான் தூக்கும் வண்டிகளைத் திருத்துவது அவருடைய வேலை. நாங்கள் வோபர்னில் இருந்தோம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ரொறன்ரோவின் முழு அகலமும் கிடந்தது. இருந்தும் கிழமைக்கு இரண்டு தரமாவது வந்துவிடுவார். எங்களைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அம்மா சொல்லுவார். ஆனால் காரை நிற்பாட்டியதும் அவர் முதலில் போவது வாசலில் ட்ரெயிலரில் நின்ற படகிடம்தான்.

அந்தப் படகை அப்பாவும் மாமாவும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். பாஸ் மீன் பிடிக்கிறவர்களுக்கென்றே செய்த படகு. பதினெட்டு அடி நீளம், கருஞ்சிவப்பு நிறம், வெயில் பட்டால் பொடிப்பொடியாக மினுங்கும். பின்னால் நூற்றைம்பது குதிரைவலுவில் ஒரு கறுப்பு மோட்டர். அப்பா பிறந்த ஊரில் கடல் இல்லை. அவருக்கு நீந்தவும் தெரியாது. படகு வந்த நாளன்று அம்மா வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இனி எங்கள் வான் வண்டியை எங்கே நிற்பாட்டுவது என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்லவந்த கோடைக்கு முன்னால், பனி கரையத் தொடங்கிய நாட்களில், அப்பா வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற இடம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அங்கேதான் வேலை செய்தார். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. காலையில் எழும்பினால் அப்பா வீட்டில் இருந்தார், அது நன்றாகவே இருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். யாராவது தொலைபேசியில் வேலையைப் பற்றி விசாரித்தால் "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிடுவார். முகம் மழிக்காமல் இருந்தார். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மோட்டரை உயர்த்தலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் மாமாதான். அத்தானுக்குக் கையில் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனி மாதத்து ஒரு பின்னேரம் அவர் படகின் பின்பக்கம் குந்தியிருந்து, விரலால் காட்டிக் காட்டி அப்பாவுக்கு விளக்கியது நினைவிருக்கிறது.

"மோட்டர் கனக்கப் பதிஞ்சு நிக்குது அத்தான். அதுதான் தண்ணி இழுத்துப் பிடிக்குது. ஒரு துளை ஏத்திப் பாப்பம். ஆனா கனக்க ஏத்தினா பிடி விட்டிடும்."

ட்ரெயிலரை வானில் இருந்து கழற்றி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, மோட்டரின் கீழ் நுனிக்கு அடியில் ஒரு மரக்குற்றியை நிறுத்தினார்கள். மாமா பின்னால் இருந்து, மோட்டரைப் படகோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தினார். அப்பா முன்னால் நின்று ட்ரெயிலரின் மூக்கைத் தூக்குகிற கைபிடியைச் சுற்றினார். மூக்கு உயர உயரப் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. மோட்டர் குற்றியில் நின்றபடி நின்றது. அடுத்த துளை நேராக வந்ததும் மாமா கையை உயர்த்தினார், அப்பா நிறுத்தினார். பிறகு போல்ட்டுகளை இறுக்கினார்கள். அவ்வளவுதான். ஒரு துளை என்றால் முக்கால் அங்குலம்.

அளக்கிற வேலை எனக்கு. படகின் அடியோடு ஒட்டி ஒரு நேரான சட்டத்தை மாமா பின்னுக்கு நீட்டிப் பிடிப்பார். புரொப்பெல்லருக்கு மேலே மோட்டரில் ஒரு தட்டையான தகடு இருக்கும். அந்தத் தகடு சட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நான் அடிமட்டம் வைத்து அளந்து கொப்பியில் எழுத வேண்டும். முதலில் அரை அங்குலம். ஒரு துளை ஏற்றியபோது ஒன்றேகால். இன்னொரு துளை ஏற்றியபோது இரண்டு.

ஒவ்வொரு முறையும் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். வேகத்தைக் காட்டுகிற ஒரு சின்னக் கருவியை நான்தான் கையில் வைத்திருப்பேன். அரை அங்குலத்தில் மணிக்கு ஐம்பத்தொரு மைல். ஒன்றேகாலில் ஐம்பத்துநாலு. இரண்டில் ஐம்பத்தாறு. ஆனால் ஐம்பத்தாறில் வேறொன்றும் நடந்தது. படகின் அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போக, அது இடப்பக்கம் ஒருமுறை வலப்பக்கம் ஒருமுறை என்று சாயத் தொடங்கியது. முதலில் தொட்டில் மாதிரித்தான் ஆடியது. விட்டால் அந்த ஆட்டம் பெருத்துக்கொண்டே போகும். மாமா அன்றைக்கே ஒரு துளை இறக்குவோம் என்றார். மோட்டருக்குத் தண்ணீர் போகிறதைக் காட்டுகிற முள்ளும் விழுகிறது, சூடேறிவிடும் என்றார்.

"இருக்கட்டும்," என்றார் அப்பா. அந்த மாதத்தில் அவர் எதையாவது வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் விட்டபிறகு கிழமை நாட்களில் நானும் அப்பாவும் மட்டும் போகத் தொடங்கினோம். தூண்டில்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஏரியின் தெற்கு மூலையில் இருந்து வடக்கே பார்த்துப் படகைத் திருப்புவார், முழு வேகத்துக்குக் கொடுப்பார். படகு ஆடும். நான் சிரிப்பேன். என் அப்பா ஒரு பந்தய வீரர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார். முன்னால் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்காது. அவர் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் வந்தார். படகில் மூன்று பேருக்குத்தான் இருக்கை என்பதால் மாமா கரையில் நின்றுகொண்டார். புறப்படும்போது, "அத்தான், கயிறைக் கொழுவுங்கோ," என்று கூப்பிட்டுச் சொன்னார். ஓட்டுகிறவரின் இடுப்பில் கொழுவ வேண்டிய ஒரு சிவப்புக் கயிறு மோட்டரைப் போட்டு நிறுத்துகிற ஆளிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உது என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஓடுறவர் தவறி விழுந்தா மெசின் நிக்கும் அக்கா. அத்தான் கொழுவுறேல்லை."

"அது பழகாத ஆக்களுக்கு," என்று சொல்லி அப்பா படகை எடுத்துவிட்டார்.

நடு ஏரியில் படகு ஆடத் தொடங்கியதும் அம்மா "காணும், குறையுங்கோ" என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லாமல் அவருடைய கையில் தன் கையை வைத்தார். நித்திரையில் இருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி அப்பா திரும்பிப் பார்த்தார், பிறகு வேகத்தைக் குறைத்தார். அம்மா பயந்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் இளக்காரமாக இருந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வழக்கமாக அம்மாவும் நானும்தான் போவோம். அன்றைக்கு அப்பாவும் வரவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். போய், பூசை பார்த்து, அன்னதானமும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வந்தபோது எல்லாம் வைத்தபடியே இருந்தது.

திங்கட்கிழமை ஏரிக்குப் போனால் படகு ஓடவில்லை. ஓடியது, ஆனால் ஐம்பத்தாறு வரவில்லை. மோட்டர் முன்னையிலும் கூடக் கத்தியது, கருவியில் எண் நாற்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. நான் கருவியைத் தட்டிப் பார்த்தேன். அப்பா படகை நிறுத்தி, மோட்டரைச் சாய்த்து, பாசி ஏதும் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து உயரத்தை அளந்தோம். இரண்டு அங்குலம், அப்படியே இருந்தது. பழைய பெற்றோலாக இருக்கும் என்று அதை மாற்றினார். செவ்வாய்க்கிழமையும் நாற்பத்தெட்டு. வியாழக்கிழமையும் நாற்பத்தெட்டு.

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா பின்வளவுக் கொட்டிலுக்குள் எதையோ தேடிப் போனவர், ஒரு கடதாசிக் கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் யாரும் கடையில் கோப்பி வாங்கிக் குடிப்பதில்லை. கொட்டில் பூட்டுக்கு இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று அப்பாவிடம், மற்றது மாமாவிடம்.

"ஆரோ தொட்டிருக்கினம்," என்றார் அப்பா. யார் என்று சொல்லவில்லை. கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உனக்குக் கண் நல்லாத் தெரியும். வடிவாப் பார். ஆனா ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காதை."

அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அன்று முழுவதும் நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பொழுது சாயும் நேரத்தில், புரொப்பெல்லரின் நடுவில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். மாமா ஒருமுறை சொல்லித் தந்திருந்தார்: மரத்துக்குள் திருகாணி ஏறுவது போலப் புரொப்பெல்லர் தண்ணீருக்குள் ஏறுகிறது, ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் ஏறும் என்பதுதான் அந்த எண். கூடிய எண், கூடிய வேகம். எங்கள் புரொப்பெல்லரின் எண் இருபத்துமூன்று. அதை நான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

"அப்பா, இது நைன்ரீன்," என்றேன்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அதே நிறம், அதே மூன்று இதழ், அதே பருமன். எண் மட்டும் பத்தொன்பது. யாரோ எங்களுடைய புரொப்பெல்லரைக் கழற்றிக்கொண்டு போய், எங்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில், வேறொன்றைப் பூட்டியிருக்கிறார்கள்.

மாமாவிடம் நேரே கேட்டிருக்கலாம். அப்பா கேட்கவில்லை. அவர் அதை மனதுக்குள் வைத்து உருட்டத் தொடங்கினார். வானில் போகும்போது, சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது, துண்டு துண்டாகச் சொல்லுவார். ரெக்ஸ்டேலில் மாமாவின் கூட்டாளி ஒருவனிடமும் இதே மாதிரிப் படகு இருக்கிறதாம். மீன்பிடிப் போட்டிகளுக்குப் போகிறவனாம். நல்லதை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதை எங்களுக்குப் பூட்டியிருப்பானோ. அல்லது படகு ஓடவில்லை என்று எங்களுக்கு அலுத்துப்போனால் முழுப் படகையும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறானோ. "வேலை இல்லாதவன்தானே, என்ன தெரியப்போகுது எண்டு நினைச்சிருப்பான்," என்று ஒருநாள் சொன்னார்.

அதற்குப் பிறகு மாமா வந்து எப்போதும் போல எனக்குச் சொக்லேற் தந்தபோது, நன்றி சொல்லிவிட்டு, உறையைப் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அவர் படகுப் பக்கம் போனால் நானும் போனேன். அவர் மோட்டரைத் தொட்டால் அவருடைய கையைப் பார்த்தேன். "ஏன் குஞ்சு, பொலிஸ் மாதிரி நிக்கிறாய்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார், அதுவும் சரியாக வரவில்லை. குற்றவாளிகள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை அப்பா வேலை தேடிக் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. அவருடைய வான் தெருத் திருப்பத்தில் மறைந்து கால்மணி நேரம் ஆகியிருக்காது, அம்மா என்னைத் தலைமுழுகச் சொல்லி மேலே அனுப்பினார். குளியலறை யன்னல் வாசலைப் பார்த்தது. தலையை நனைத்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தண்ணீரை ஓடவிட்டுவிட்டு, கழிவறைத் தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்தேன்.

மாமா வந்திருந்தார். வேலைநாளில், வேலை உடுப்போடு. மரக்குற்றியை மோட்டருக்குக் கீழே வைத்தார். பின்னால் குந்தியிருந்து போல்ட்டுகளைத் தளர்த்தினார். அம்மா சமையல் துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, ட்ரெயிலரின் மூக்கடியில் நின்று கைபிடியைச் சுற்றினார். மூக்கு இறங்கியது. மாமா கையை உயர்த்தினார். அம்மா நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினார். அம்மா இன்னும் கொஞ்சம் சுற்றினார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றும் அறியாத அம்மாவையும் ஏதோ சொல்லி ஏமாற்றி, கள்ளவேலைக்குக் கை கொடுக்க வைத்துவிட்டார் மாமா. அவர் போய், அம்மாவும் உள்ளே வந்தபிறகு ஈரத் தலையோடு இறங்கிப் போய், சட்டத்தை நானே ஒரு கையால் பிடித்துக்கொண்டு அளந்தேன். அரை அங்குலம். கொப்பியில் எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். அம்மாவைப் பற்றி எழுதவில்லை. அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன். ஏமாந்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கை கழுவிவிட்டு மேசையில் இருந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டு, மீன்குழம்பை ஊற்றப் போன நேரம், அப்பா என்னுடைய கொப்பியை எடுத்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"இது என்னெண்டு சொல்லு மச்சான்."

மாமா வாசித்தார். என்னுடைய எழுத்து அப்போது மிகவும் வடிவாக இருக்கும். வாசித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். உதவிக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்தேன். அம்மா குழம்புச் சட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அகப்பையில் இருந்து குழம்பு சொட்டியது.

"ஓம் அத்தான். நான்தான் செய்தனான்," என்றார் மாமா.

"ஏன்?"

"சும்மா. மாத்திப் பாத்தனான்."

"சும்மா மாத்திப் பாக்கிறவன் சொல்லிப்போட்டுச் செய்வான். நான் வீட்டில இல்லாத நேரம் பாத்து வந்து செய்யிறதுக்குப் பேர் என்ன?"

மாமா கொப்பியை மூடி வைத்தார். அப்பா ரெக்ஸ்டேல் கூட்டாளியைப் பற்றிக் கேட்டார். முழுப் படகும் வேணுமெண்டா வாயைத் திறந்து கேளன் என்றார். வேலை போனவனை ஆரும் ஏமாத்தலாம் என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போல இருந்தது. மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வெளியே போனார். தன் காரில் இருந்து பழைய துணியில் சுற்றிய ஒரு பாரத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். இருபத்துமூன்றாம் எண் புரொப்பெல்லர். அதன் மேல் கொட்டில் திறப்பை வைத்தார். "வாறன் அக்கா," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அவருடைய சோற்றைத் திரும்பப் பானைக்குள் போட்டார். எனக்குப் பசித்தது. நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமா அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு கிழமை போனது, இன்னொரு கிழமையும் போனது. வீட்டில் அம்மா தேவையானதை மட்டும் கதைத்தார். அப்பா வென்றுவிட்டார், ஆனால் வென்ற மாதிரி இல்லை. படகும் வாசலிலேயே நின்றது. கடைசியில் நான்தான் அரித்து அரித்துக் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலை அவரை எழுப்பி வெளியே கொண்டுவந்தேன். மோட்டரைத் திரும்ப ஏற்ற வேண்டும், இருபத்துமூன்றைப் பூட்ட வேண்டும், ஐம்பத்தாறு மைல் ஓட வேண்டும். மாமா இல்லாமலும் எங்களால் முடியும் என்று காட்ட வேண்டும்.

அப்பா குற்றியை வைத்தார். போல்ட்டுகளைத் தளர்த்தினார். "நீ முன்னுக்குப் போய்ச் சுத்து," என்றார். நான் போய் இரண்டு கைகளாலும் கைபிடியைப் பிடித்துச் சுற்றினேன். பாரமாக இருந்தது. மூக்கு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஒரு துளை நேரே வந்தது, அப்பா நிறுத்தச் சொன்னார். அடுத்ததற்கு என்று நான் திரும்பவும் கைபிடியில் பாரத்தைக் கொடுத்தபோது, பின்பக்கத்தில் இருந்து அவருடைய குரல் வந்தது.

"பிள்ளை. அண்டைக்கு இதை ஆர் சுத்தினது?"

"மாமா."

"மாமா இஞ்சை போல்ட்டோட நிண்டவர் எண்டுதானே சொன்னனீ. அப்ப அங்கை, நீ நிக்கிற இடத்தில, ஆர்?"

நான் கைபிடியைப் பிடித்தபடி நின்றேன். பொய் சொல்ல நேரம் போதவில்லை.

"அம்மா," என்றேன். "மாமா கேட்டிருப்பார். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது அப்பா."

அவர் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. எழும்பி வந்து ட்ரெயிலரின் சில்லு மூடியில் இருந்தார். பிறகு, "அம்மா சுத்திப்போட்டு என்ன செய்தவ?" என்றார்.

"கையைத் துடைச்சவ. மாமா போனாப் பிறகு வந்து மோட்டரில கையை வைச்சுக்கொண்டு நிண்டவ."

"எவ்வளவு நேரம்?"

"கன நேரம். எனக்குத் தலை குளிர்ந்துபோச்சு."

சமையலறை யன்னல் திறந்திருந்தது. உள்ளே அம்மா எதையோ தாளிக்கிற சத்தமும் காற்றை இழுக்கிற விசிறியின் சத்தமும் வந்தன. அப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகில் ஒருநாளும் கொழுவாமல் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரப்போகிறது, உள்ளே போகப்போகிறார், அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் உள்ளே போகவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றி எழும்பினார்.

"மற்றப்பக்கம் சுத்து," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"இறக்கு. முந்தி நிண்ட இடத்துக்கே விடுவம்."

நான் இறக்கினேன். அவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் இறுக்கினார். பத்தொன்பதாம் எண் புரொப்பெல்லரைத் தொடவே இல்லை. இருபத்துமூன்றை எடுத்து, கைத்துணியால் ஒருமுறை துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, கொட்டிலில் குளிர்காலச் சில்லுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அளந்து எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துக் கொடுத்த கள்ளத்தை, அதே இடத்தில், அவரே தன் கையால் பூட்டி வைக்கிறார். அன்று பின்னேரம் அவர் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் மாடிப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்பு, விளக்கம், ஒன்றும் இல்லை. "மச்சான், நாளைக்கு வாறியோ? ஏரிக்குப் போவம். ஓம், சாப்பாடு இஞ்சைதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு முகம் மழித்தார்.

அடுத்த நாள் நாங்கள் நான்கு பேரும் போனோம். மாமா எனக்குச் சொக்லேற் தந்தார். நான் அதை உடனே பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் கையில் வைத்திருந்தேன். மூன்று பேருக்கான இருக்கையில் அப்பாவும் அம்மாவும் மாமாவும் இருக்க, நான் அம்மாவின் மடியில் நெருக்கிக்கொண்டு இருந்தேன். அம்மா வாழையிலைக்குப் பதிலாக வெள்ளித்தாளில் சுற்றிய மீன் கட்லட்டுகளை காலடியில் பத்திரமாக வைத்திருந்தார். அப்பா வேகத்தைக் கொடுத்தார். கருவியில் நாற்பது. நாற்பத்திரண்டு. அதற்கு மேல் இல்லை. ஆட்டம் இல்லை. வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நாயோடு தங்கள் படகில் எங்களைக் கடந்து போய்க் கை காட்டியது. அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா காற்றில் பறந்த தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு அப்பாவைக் கேட்டார், "உதுக்கு மேல ஓடாதோ?"

"ஓடாது," என்றார் அப்பா. "மெசினுக்கு வயசு போட்டுது."

"அது காணும் அத்தான்," என்றார் மாமா, தண்ணீரைப் பார்த்தபடி.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன அசைவுகூட இல்லை. கொட்டிலில், சில்லுகளுக்குப் பின்னால், பத்திரிகைத் தாளுக்குள் இருக்கிறது இருபத்துமூன்று. தெரிந்துகொண்டே பொய் சொல்கிறார். அதுவரை மாமாமேல் இருந்த என் சந்தேகம் அந்த இடத்தில், அந்த ஏரி நடுவில், அப்பாமேல் திரும்பியது. ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் வெளியில் வந்துவிடும். ஆனால் அம்மா அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தார். மாமா கட்லட் ஒன்றை அப்பாவின் வாயருகே நீட்ட, அப்பா திசைமாற்றியில் இருந்து கையை எடுக்காமல் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பாவம், ஒன்றும் தெரியாமல் சந்தோசமாக இருக்கிறார்கள், இருக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் படகில் முழு உண்மையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே கரைக்கு வந்து இறங்கினேன்.